மடலும் மறுமொழியும்

சாத்தான்குளத்துப் பக்கம் போய் வந்தவர்களுக்குப் பனையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே உடன்குடி வரையில், அதற்கப்பால் திருச்செந்தூர்க் கடற்கரை வரையில், செம்மணல் தேரியிலும் தேரிக்கு வெளியிலும் பனைதான். பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலைப்பாய், கடகம் என்று அந்த மரம் கொடுக்காத பொருள் இல்லை. ஆனால் அதன் மட்டையை மட்டும் அறியாமல் கைவைத்து இழுத்துவிடக் கூடாது. மட்டையின் இரண்டு ஓரங்களிலும் கறுப்பாக, தச்சனுடைய ரம்பத்தைப் போலப் பல் பல்லாக இருக்கும். அதற்குத்தான் கருக்கு என்று பெயர். பழக்கமில்லாதவன் உருவினால் உள்ளங்கை கிழிந்துவிடும். அந்தப் பக்கத்துச் சிறுவர்கள் கருக்கைச் சீவி எறிந்துவிட்டு, மட்டையின் மேல் ஒருவனை உட்கார வைத்துத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

கருக்கைச் சீவாமல் அதே விளையாட்டை ஒரு வாலிபன் ஆடினால் அதற்குப் பெயர் மடலேறுதல்.

சங்க இலக்கியத்தில் ஓரளவு பழக்கமுள்ளவர்களுக்கு மடல் தெரிந்திருக்கும். ஒருவன் ஒருத்தியை விரும்புகிறான். அவள் கிடைக்கவில்லை. பனைமட்டைகளைக் கட்டிக் குதிரையைப் போலச் செய்து, அதற்கு மணியும் மாலையும் பூட்டி, தன் தலையில் எருக்கம்பூவைச் சூடிக்கொண்டு, அவள் உருவத்தை எழுதிய படத்தைக் கையில் பிடித்தபடி அதன்மேல் ஏறி உட்காருகிறான். ஊர்ச் சிறுவர்கள் இழுக்கிறார்கள். கருக்கு அவன் உடம்பைக் கிழிக்கிறது. "இவனுக்கு இந்தக் கதி யாரால் வந்தது?" என்று ஊர் கேட்கிறது. படத்தைப் பார்த்தவுடன் விடை தெரிந்துவிடுகிறது. பெண் வீட்டார் வேறு வழியில்லாமல் பெண்ணைக் கொடுக்கிறார்கள். இதைப் பாடியே பெயர் பெற்ற புலவர் ஒருவர் உண்டு. மடல் பாடிய மாதங்கீரனார் என்பது அவருக்கு நிலைத்த பெயர்.

கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த காலத்தில் எங்கள் தமிழாசிரியர் இதை விளக்கும்போது குரல் தழுதழுக்கும். "எப்பேர்ப்பட்ட காதல்! தன் உடம்பையே தியாகம் செய்கிறான்!" என்பார். நாங்களும் உருகினோம். படத்தில் இருக்கிற பெண்ணைப் பற்றி அந்த வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. ஊர் முழுவதும் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதுதான், பழைய காதல் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் இப்போது என் மனத்தில் முதலில் எழுகிற கேள்வி.

இந்தக் கேள்வி ஏதோ நேற்று முளைத்தது என்று நினைப்பவர்கள் தொல்காப்பியத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். இலக்கணம் என்றவுடன் புத்தகத்தை மூடிவிடாதீர்கள், இரண்டே இரண்டு சூத்திரங்கள்தான். ஒத்த அன்புள்ள காதலைக் குறிஞ்சி முதலிய ஐந்து திணையாக வைத்தார் தொல்காப்பியர். அதற்கு இந்தப் பக்கம் கைக்கிளை, அந்தப் பக்கம் பெருந்திணை என்று இரண்டு வேலிகளைப் போட்டார். காமம் இன்னதென்று அறியாத வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஒருவன் ஆசை வார்த்தை பேசுகிறான், அவளிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை, பேசுவதிலேயே அவன் இன்பம் காண்கிறான் என்றால் அது கைக்கிளை. பதில் வராத பேச்சு ஒருதலைப் பேச்சு. "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று பிற்காலத்தில் கல்யாண வீடுகளில் வழங்கிய பழமொழி அந்த இலக்கண ஆசிரியருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மதிக்கவில்லை.

பெருந்திணைக்கு அவர் நான்கு அடையாளம் சொன்னார். உண்மையிலேயே ஏறிவிட்ட மடல் ஒன்று. இளமை கடந்த பின் வருவது ஒன்று. தெளிவை இழந்த காமம் ஒன்று. கடைசியாக, மிகுந்த காமத்தினால் வலிமையைக் காட்டுவது. மடலையும் பலாத்காரத்தையும் ஒரே பட்டியலில் உட்கார வைத்திருக்கிறார், பார்த்தீர்களா? "மடல் ஏறுவேன்" என்று தலைவன் தோழியிடம் சொல்லலாம், அதற்கு இடமுண்டு என்று வேறோர் இடத்தில் அனுமதியும் கொடுக்கிறார். சொல்கிறவரையில் அது காதல் பேச்சு. ஏறிவிட்டால் அன்புக்கு வெளியே போய்விட்டது. வாய்க்கும் கைக்கும் நடுவே அவர் கிழித்த கோடு இது. குறுந்தொகையில் மடலைப் பேசுகிற தலைவர்கள் பெரும்பாலும் பேசுவதோடு நிற்பது இதனால்தான்.

கலித்தொகை அப்படி நிற்கவில்லை. அதன் கடைசிப் பகுதி நெய்தற்கலி. நல்லந்துவனார் பாடியதாகச் சொல்வார்கள். அதில் சில பாட்டுக்களில் மடல் நிஜமாகவே தெருவில் வருகிறது. ஒரு பாட்டில், கருக்கின்மேல் இருந்தபடியே அவன் அவளைப் பற்றித் தெருவில் பாடுகிறான். கேட்ட உறவினர் உடனே பெண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்குப் புலவர் ஓர் உவமை சொல்கிறார். போரில் வல்ல பாண்டியனுக்குப் பகைவர்கள் கொண்டுவந்து வைக்கிற திறையைப் போலக் கொடுத்தார்களாம்!

நான் அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். திறையை யாராவது மனமுவந்து கொடுப்பார்களா? கோட்டை இடிந்த பிறகு கொடுப்பதல்லவா திறை? பாண்டியனின் கொற்கை முத்தும் குதிரையும் எப்படிக் கை மாறுமோ அப்படி ஒரு பெண் கை மாறுகிறாள். உவமை சொன்ன புலவர் தலைவனுடைய வெற்றியைப் புகழ்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் நல்ல உவமைக்கு ஒரு குணம் உண்டு, சொன்னவன் நினைத்ததைக் காட்டிலும் அதிகமாகவே அது சொல்லிவிடும். அந்தப் பாட்டில் ஊரார் இருக்கிறார்கள், உறவினர் இருக்கிறார்கள், மடல்மா இருக்கிறது. பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெண் மடலேறக் கூடாது என்று ஒரு தனிச் சூத்திரமே இருக்கிறது. திருக்குறளும் அதை ஒரு பெருமையாகவே சொல்கிறது. திருமங்கையாழ்வார் துணிந்து அந்த விதியை உடைத்தார். சிறிய திருமடல், பெரிய திருமடல் என்று இரண்டு பாடி, பெண்ணை மடலுக்குத் தயாராக்கினார். அவள் மிரட்டுவது பெருமாளை. தெருத்தெருவாக உன் பெயரைக் கெடுப்பேன் என்று ஒரு பெண் சொல்வதற்குக் கடவுளைத் தவிர வேறு ஆண்பிள்ளை அகப்படவில்லை போலும்.

மடலைக் காட்டிலும் நம் மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது அதே கலித்தொகையில் கபிலர் பாடிய விக்கல் பாட்டு. யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய பிறகு, பள்ளிப் பாடமாகவும் மேடைப் பேச்சாகவும் அது பரவிவிட்டது. கதையை எல்லோரும் அறிவீர்கள். சின்ன வயதில் மணல் வீட்டைக் காலால் உதைத்து, கூந்தல் மாலையைப் பிய்த்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய போக்கிரி ஒருவன், வளர்ந்த பிறகு ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறான். தாய் பெண்ணை அனுப்புகிறாள். தண்ணீரை நீட்டிய கையை அவன் பிடித்துவிடுகிறான். பெண் "அம்மா!" என்று அலறுகிறாள். தாய் பதறிக்கொண்டு வர, "தண்ணீர் குடிக்கையில் விக்கிவிட்டது" என்று மகள் சமாளிக்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ தாய்க்குத் தெரியாமல் பெண்ணைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் கல்லூரியில் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசினேன். எப்போதும் கைதட்டல் வாங்கித் தருகிற பாட்டு. அன்றும் கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சார், அவள் விக்கல் என்று சொல்லாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி, "அவள் அலறினதே நிஜமாக இருந்து, அம்மாவுக்குப் பயந்து விக்கல் என்று சொல்லியிருந்தால்?" என்றாள். மண்டபத்தில் சலசலப்பு. தமிழ்த்துறைத் தலைவி நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

முதல் கேள்விக்குப் பதில் உண்டு. அந்தப் பாட்டு முழுவதும் பெண் சொல்கிற பாட்டு. நடந்ததைத் தன் தோழியிடம் அவளே சொல்கிறாள். திருட்டுப் பயல் என்று அவனைத் திட்டுகிற திட்டில் எவ்வளவு வெல்லம் கலந்திருக்கிறது என்பது காது உள்ளவனுக்குத் தெரியும். விக்கல் என்ற பொய்தான் அவளுடைய சம்மதம். அதை அவளே தன் வாயால் சொல்கிறாள். ஆனால் இரண்டாவது மாணவியின் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. கையைப் பிடித்தது முதலில், சம்மதம் வந்தது பிறகு. அவன் பிடித்த நிமிஷத்தில் அவளுடைய பதில் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கபிலருக்குத் தெரியும். கவிஞனுக்குத் தெரிந்தது காதலனுக்கும் தெரிந்திருக்கும் என்று நாம் தாராளமாக நம்பிக்கொள்கிறோம்.

இதே வழக்கு அமெரிக்காவிலும் நடந்தது. பிராங்க் லாசர் என்ற பாட்டுக்காரர் 1944-இல் தம் மனைவியோடு சேர்ந்து விருந்துகளில் பாடுவதற்காக ஒரு ஜோடிப் பாட்டு எழுதினார். வெளியே குளிர், பெண் வீட்டுக்குப் புறப்படுகிறாள், ஆண் ஏதேதோ சொல்லி நிறுத்திவைக்கிறான். 1949-இல் அது சினிமாவில் வந்து ஆஸ்கார் பரிசும் பெற்றது. பிறகு கிறிஸ்துமஸ் காலத்தில் வானொலியில் தவறாமல் ஒலிக்கும் பாட்டுக்களில் ஒன்றாகிவிட்டது. 2018-இல் கிளீவ்லாந்து நகரத்து வானொலி நிலையம் ஒன்று, போகிறேன் என்கிறவளை மறிக்கிற பாட்டு இந்தக் காலத்துக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டது. உடனே ஒரே ரகளை. பழைய ரசிகர்கள் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? அந்தப் பெண் "எனக்கு விருப்பமில்லை" என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை, அம்மா கவலைப்படுவாள், அக்கம்பக்கத்தார் பேசுவார்கள் என்றுதான் சொல்கிறாள், அந்தக் காலத்துப் பெண் தங்க விரும்பினாலும் அப்படித்தான் பேசியாக வேண்டும் என்பது. கபிலரின் பெண் அம்மாவுக்குச் சொன்ன விக்கலும் இதுதானே? ஊருக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்த பெண்ணின் பேச்சில் எது பொய், எது மெய் என்று கண்டுபிடிப்பது ஆணின் வேலையாகிவிட்டது. அந்த வேலையில் அவன் எப்போதும் தனக்குச் சாதகமாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டான். 2019-இல் ஜான் லெஜண்டும் கெல்லி கிளார்க்சனும் வார்த்தைகளை மாற்றி அந்தப் பாட்டைப் புதிதாகப் பாடினார்கள். அதில் அவன் அவளுக்கு வண்டி கூப்பிட்டுக் கொடுக்கிறான். நல்ல பிள்ளைதான், ஆனால் பழைய பாட்டின் சுவை குறைந்துவிட்டது என்றே என் காதுக்குப் பட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். சாத்தான்குளத்திலிருந்து கிழக்கே போனால் திருச்செந்தூர். கடலோரத்தில் வள்ளி குகை இருக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் வள்ளி திருமணத்தை இன்றுவரை ஆடப்படுகிற நாடகமாக்கியவர். 1922-இல் அவர் காலமான பின்பும், தமிழ்நாட்டுத் திருவிழா மேடைகளில் அந்த நாடகம் விடிய விடிய நடந்தது. ஜனங்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள்? முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காத்திருந்தது தர்க்கத்துக்கு. தினைப்புனத்தில் வேடனாக வந்த முருகன் வள்ளியை மடக்கப் பார்ப்பான், வள்ளி திருப்பி மடக்குவாள். பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம், அங்கங்கே எழுதி வைக்காத சொந்தச் சரக்கும் வரும். 1920-களில் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு எதிரே நிற்க ஆளில்லை என்றிருந்தபோது, கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாக வந்து நின்றார். வேலன் ஓர் உச்சத்துக்குப் போனால் வள்ளி அதற்குச் சளைக்கவில்லை.

மடலேறியவனுக்கும் இந்த வேடனுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வேடன் செய்கிற சேஷ்டைகளைக் கணக்கெடுத்தால் மடலேறியவன் பரவாயில்லை என்று தோன்றும். வழிமறிக்கிறான், பொய் வேஷம் போடுகிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்கிறான் (மறுபடியும் தண்ணீர்!), கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்துகிறான். ஆனால் இவ்வளவுக்கும் நடுவே வள்ளிக்கு வாய் இருக்கிறது. மேடையில் பாதி நேரம் அவளுடையது. அவள் கேட்கிற கேள்விக்கு வேடன் திணறும்போது பெண்கள் பக்கத்திலிருந்து எழுகிற சிரிப்புக்காகவே நாடகக்காரர்கள் தர்க்கத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் படித்தவர்களும் இதை உணர்ந்திருப்பார்கள். நாற்றங்காலிலும் வண்டிப்பாதையிலும் பிறந்த கேலிப் பாட்டில் ஆண் ஒன்று சொன்னால் பெண் இரண்டு சொல்வாள்.

யானையைப் பற்றி நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. பயந்தவள் கட்டிக்கொண்டதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. இதற்காகத்தான் புராணக்காரர்கள் முன்னதாகவே ஒரு விஷயத்தை ஏற்பாடு செய்து வைத்தார்கள். வள்ளி ஏற்கெனவே முருகனைத்தான் மனத்தில் வரித்திருக்கிறாள். அவள் "போ, போ" என்று விரட்டுவது வேடனையும் கிழவனையும். வேஷம் கலைந்தவுடன் தான் விரும்பியவனே நிற்பதைக் காண்கிறாள். ஆகவே அவள் சொன்ன "மாட்டேன்" என்பதும் மெய், பிறகு சொன்ன "சரி" என்பதும் மெய். கதை ஒழுங்காக முடிகிறது. தொல்லை எங்கே வந்தது என்றால், இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒவ்வொரு வாலிபனும் தெருவில் ஒரு பெண்ணின் பின்னால் போகும்போது, வேஷம் போட்ட முருகன் தான்தான் என்று நினைத்துக்கொண்டதில்தான்.

பெண் வாய் திறந்து தன் ஆசையைச் சொன்னால் என்ன ஆயிற்று என்பதற்கும் ஒரு கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை பிரதாபசிம்ம மகாராஜாவின் சபையில் இருந்த முத்துப்பழனி என்ற கவி, 'ராதிகா சாந்த்வனம்' என்று தெலுங்கில் ஒரு சிருங்கார காவியம் எழுதினாள். ராதைக்கு வேண்டியதை ராதையே கேட்கிற காவியம். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதை முழுமையாகப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று சர்க்கார் தடை விதித்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. ஆண் கவிகள் பாடிய சிருங்காரம் அந்த முப்பத்தாறு வருஷமும் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது.

சினிமா வந்தபோது தர்க்கத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றி வைத்தது. 1965-இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சரோஜா தேவியிடம் அவள் உள்ளத்தில் குடியிருக்க இடம் கேட்டு, வாடகை என்ன என்றும் விசாரிப்பார். வாடகையை நிர்ணயிப்பவள் அவள். எளிமையான, மரியாதையான பாட்டு. ஆனால் அதே காலத்திலும் பிறகும் வேறொரு வகைப் பாட்டு பெருகியது. கதாநாயகன் நாலைந்து தோழர்களோடு சைக்கிளில் ஒரு பெண்ணைச் சுற்றி வருவான். அவள் முறைப்பாள், செருப்பைக் கழற்றுவாள், ஓடுவாள். மூன்றாவது சரணத்தில் அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். இந்தப் பாட்டுக்களில் பலவற்றில் பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வள்ளியின் பாதி மேடை பறிபோய்விட்டது. சிரிப்பு மட்டும் அவளுக்கு மிச்சம், அதையும் டைரக்டர் சொல்லிக் கொடுத்தார். தொல்காப்பியர் பார்த்திருந்தால் யோசிக்காமல் கைக்கிளையில் போட்டிருப்பார்.

1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி, தெருவில் வாலிபர்கள் செய்த 'கேலி'யில் கீழே விழுந்து உயிரிழந்தாள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் வந்தது. கேலி என்ற பெயரே குற்றத்தைச் சின்னதாக்குகிறது என்று பலர் சொன்ன பிறகு, 2002-இல் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். 2013-இல் நாடு முழுவதற்குமாக, பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றமாயிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்று இருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 78-ஆம் பிரிவாக இருக்கிறது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பின்னும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்ந்தால் குற்றம் என்கிறது அது. வக்கீல் நண்பர் ஒருவர் இதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, இலக்கண ஆசிரியர் சட்டக்காரர்களைவிடக் கண்டிப்பானவர் என்று அவரிடம் சொன்னேன். சட்டத்துக்கு அவள் "வேண்டாம்" என்று காட்டியிருக்க வேண்டும். தொல்காப்பியருக்கோ அவள் பதில் சொல்லாததே போதும். நண்பர் சிரித்துவிட்டு, "உங்கள் தொல்காப்பியர் வாய்தா கொடுக்க மாட்டார் போலிருக்கிறதே" என்றார்.

அதற்காகப் பழைய பாட்டுக்களையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. விக்கல் பாட்டு இல்லாத தமிழ் எனக்கு வேண்டாம். மடல் பாட்டையும் படிக்கத்தான் வேண்டும், அந்தத் திறை உவமைக்காகவே படிக்க வேண்டும். வள்ளி திருமணத்தை ஒருவரும் திருத்த வேண்டியதில்லை, அது தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

சாத்தான்குளத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் கோவில் கொடை. மதுரையிலிருந்து ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வந்து வள்ளி திருமணம் போட்டார்கள். நள்ளிரவைத் தாண்டித்தான் தர்க்கம் தொடங்கியது. வேலனாக வந்தவர் நல்ல குரல்காரர், துடுக்கான ஆள். பாட்டெல்லாம் ஓய்ந்த ஒரு கட்டத்தில் ஆர்மோனியப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இவ்வளவு நேரம் பேசினோமே, உன் போன் நம்பரையாவது கொடுத்துவிட்டுப் போ" என்றார். வாலிபர்கள் பக்கத்தில் விசில் பறந்தது. வள்ளி நாணத்தோடு தலையைக் குனிந்தாள். "எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று..." என்றாள். வேலன் உள்ளங்கையில் எழுதுவதுபோல் பாவனை செய்தார். "எட்டு..." என்றாள். விசில் இன்னும் பலமாயிற்று. "ஒன்று" என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு நின்றாள். மேற்கொண்டு எண் வரும் என்று வேலன் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். 181 என்பது பெண்கள் உதவிக்கு அழைக்கிற எண் என்பது முதலில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத்தான் விளங்கியது. அந்தச் சிரிப்பு அடங்கி அடுத்த பாட்டு எடுப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.